கேமரன் மலைத் தோட்டங்களின் பேய் நம்பிக்கைகள்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைச் சூழ்ந்த பேய், முனி, காட்டாவி நம்பிக்கைகளையும் அவற்றோடு ஒட்டிய இயற்கை விந்தைகளையும் பற்றியது இக்கட்டுரை. தோட்டங்களுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. பேய்களுக்கு வயது அதிகம். சில அந்தக் காட்டிலேயே இருந்தவை, சில மலாய்க்காரர்களோடு மலையடிவாரத் தாப்பா வழியாக ஏறியவை, சில நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவை. ஊர் மாறிய பேய்க்கு என்ன நேர்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான மலை கிடைப்பது அரிது.

மலை திறந்த வரலாறு

வில்லியம் கேமரன் என்ற அரசு நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலம் அமைக்கும் திட்டம் உயிர்பெற்றது. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1929இல், ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. 1933இல் பாரத் தோட்டம் வந்தது.

தோட்டம் என்றால் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள், லயம் என்றால் தமிழர். ஆனால் உடலுழைப்புக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்துவிட்டதால், தமிழகத்திலிருந்து நேரே இம்மலைக்கு ஆள் வரக்கூடிய காலம் பத்தாண்டுகூட இல்லை. அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு முழு நம்பிக்கை உலகமே மேலேறி வந்து குடியமர்ந்தது.

புளியமரம் இல்லாத மலை

தமிழ்ப் பேய்க்கு முகவரி உண்டு. புளியமரம், பனைமரம், பாழுங்கிணறு, சுடுகாடு. சங்கப் பாடல்களின் பேய்மகளிர் போர்க்களத்தில் திரிந்தார்கள். காரைக்கால் அம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டுக்குப் போனார். பரணி பாடியவர்கள் பேய்களைக் கூட்டிக் கூழ் சமைக்க வைத்தார்கள். ஆனால் சிற்றூர் வாய்மொழியில் பேய் என்றதும் நினைவுக்கு வருவது புளியமரம்தான். பேய் பிடித்த பெண்ணின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்துப் பேயைக் கட்டும் சடங்கு தமிழகத்தில் இன்றும் நடக்கிறது.

கேமரன் மலையின் நகரமான தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் புளி நிற்காது, பனை நிற்காது. வேம்புகூடச் செழிக்காது; பேயோட்ட வேப்பிலை வேண்டுமென்றால் கீழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். மரம் போனால் பேயும் போய்விடும் என்று நினைக்கலாம். போகவில்லை. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரம், சாலை வளைவு, ஓடைப் பாலம், ஆளில்லாத லயம், துரை காலி செய்துவிட்டுப் போன பங்களா என்று புது இடங்கள் பிடித்துக்கொண்டது.

காட்டோரத்தில் நிற்பவர் முனி. முனியைப் பேய்க் கணக்கில் சேர்ப்பது தவறு; பேயை அடக்கும் காவல்தெய்வம் அவர். ஆனால் அஞ்சப்படுவதில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. உச்சிவேளையிலும் நடுநிசியிலும் அவர் வலம்வரும் வழியில் குறுக்கே போனால் காய்ச்சல், அந்த வழியில் வீடு கட்டினால் குடும்பம் தழைக்காது. இதற்கு முனிப்பாய்ச்சல் என்று பெயர். மலேசியத் தோட்டப்புறங்களில் முனி கோயில்கள் பெரும்பாலும் தொடங்கிய விதம் ஒன்றுதான்: எல்லையில் ஒரு மரம், மரத்தடியில் கல், கல்லுக்குப் பக்கத்தில் சூலம். பிறகு தகரக் கூரை, அதன்பின் சிமெண்டுத் தரை. படையல் சுருட்டு, சாராயம், சேவல். பக்கத்திலேயே மலாய் மரபின் டத்தோ சன்னிதியோ சீனர்களின் நா துக் கோங் மாடமோ இருப்பதைப் பார்க்கலாம். மூன்றும் இடத்துக்குச் சொந்தமான காவலர்கள். ஆகவே முனிக்குச் சீனர் கும்பிடு போடுவதும், டத்தோவுக்குத் தமிழர் ஊதுவத்தி கொளுத்துவதும் இந்நாட்டில் யாருக்கும் விநோதமாகத் தெரிவதில்லை.

புளியமரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மரம் இரவில் கரியமில வாயு விடுகிறது, அடியில் படுத்தவனுக்கு மூச்சு முட்டுகிறது, அதனால்தான் பேய் என்றார்கள் என்று ஒரு விளக்கம் பாடசாலை மேடைகளில் வெகுகாலமாக உலவுகிறது. ஒரு மரம் இரவில் வெளிவிடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு மனிதன் விடுவதோடு ஒப்பிடத்தக்க சொற்ப அளவுதான். திறந்த வெளியில் அது நிற்கவும் செய்யாது. பேயை நம்பாதவர்கள் இந்த விளக்கத்தை மட்டும் சோதித்துப் பார்க்காமல் நம்பிவிட்டார்கள்.

பிரசவத்தில் இறந்தவள்

தமிழ் நம்பிக்கையும் மலாய் நம்பிக்கையும் அச்சுப் பிசகாமல் ஒட்டும் இடம் ஒன்று உண்டு. பிரசவத்தில் அல்லது வயிற்றுச் சுமையோடு இறந்த பெண் அமைதியடைய மாட்டாள் என்பது அது. தமிழகத்தில் அவளுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள்; வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க, அவள் சுமையும் இறங்கும் என்று கருதினார்கள். மலாய் மரபில் அவள் லங்சுயிர் ஆவாள், குழந்தை பொந்தியானாக் ஆகும். பிற்காலப் பேச்சில் பொந்தியானாக் என்ற பெயரே அந்தப் பெண்ணுக்கு ஆகிவிட்டது. வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மாந்திரீகம் பற்றிய நூல், இறந்தவள் எழாமல் இருக்க உறவினர் செய்வதைப் பதிவு செய்திருக்கிறது: வாய் நிறையக் கண்ணாடி மணிகள், இரு அக்குளிலும் ஒவ்வொரு கோழி முட்டை, உள்ளங்கைகளில் ஊசிகள். வாயில் மணி இருந்தால் வீறிட முடியாது, முட்டை இருந்தால் கையை விரித்துப் பறக்க முடியாது.

தாய் இறப்பு சாதாரணமாக இருந்த காலத்து நம்பிக்கை இது. மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டிய தோட்டங்களில் இந்தக் கதை இரு மொழியிலும் ஒரே பொருள் தந்ததில் வியப்பில்லை.

காட்டுக்காரர்களின் இடி

இந்த மலையின் மூத்த குடிகள் ஓராங் அஸ்லி. இங்கே பெரும்பாலும் செமாய், வடக்கே தெமியார். அவர்களுடைய பெரிய அச்சம் இடி. பூச்சியையோ விலங்கையோ கேலி செய்து சிரித்தால் புயலும் இடியும் வந்து ஊரை மண்ணோடு புரட்டும் என்பது செமாய்ப் பிள்ளைகள் கேட்டு வளரும் எச்சரிக்கை. பக்கத்துச் செமாங் மக்கள் இடி முழங்கும்போது முழங்காலுக்குக் கீழே கீறி, இரத்தத்தை நீரில் கலந்து வானை நோக்கி எறிவார்கள். போர்னியோவின் பெனான் மக்களிடமும் இதே மூன்றும், அதாவது இரத்தம், இடி, விலங்குக் கேலி, சேர்ந்து வருவதை மானிடவியலாளர் ராட்னி நீடம் 1964இல் எடுத்துக்காட்டி, ஏன் இப்படி என்று கேட்டார். மண்சரிவு வாடிக்கையான சரிவுகளில் வாழ்கிறவர்கள் பெருமழைக்கு அஞ்சுவது புரிகிறது. தும்பியைப் பார்த்துச் சிரிப்பதற்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்பதுதான் முடிச்சு.

காட்டுக்குள் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, விநோத வாசனையோ சத்தமோ வந்தால் வாய்விட்டுக் கேட்காதே என்ற விதிகள் இன்று மலேசியர் எல்லாருக்கும் பொதுச்சொத்து.

தெமியார்களின் கனவுகள் உலகம் சுற்றிய கதை தனி. பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பாட் நூன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1930களில் பேராக், கிளாந்தான் எல்லை மலைகளில் தெமியார்களோடு வாழ்ந்து அங்கேயே மணமும் முடித்தார். அவரோடு சுற்றிய அமெரிக்கர் கில்டன் ஸ்டூவர்ட், இம்மக்கள் காலைதோறும் கனவுகளை விவாதித்து, கனவை அடக்கியாளப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள், அதனால் அவர்களிடம் வன்முறையே இல்லை என்று 1951இல் எழுதினார். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் கனவுப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. 1985இல் வில்லியம் டோம்ஹாஃப் ஆராய்ந்து, அப்படியொரு பயிற்சி முறை அங்கே இருந்ததற்குச் சான்றில்லை என்று காட்டினார். தெமியார்களின் மெய்யான வழக்கம் இன்னும் சுவையானது: கனவில் வரும் மலையின், மரத்தின், ஓடையின் ஆவி ஒருவருக்குப் பாட்டுக் கொடுக்கும், அந்தப் பாட்டால் நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பார்கள். மரினா ரோஸ்மன் 1991இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

பாட் நூன் 1943இல், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், காட்டில் காணாமல் போனார். தன்னோடு வாழ்ந்த தெமியார்கள் கையாலேயே அவர் இறந்தார் என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

காணாமல் போன பட்டு வணிகர்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகே மூன்லைட் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். ஐந்து நாளுக்கு முன்புதான் 61 வயது முடிந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க உளவுப் பிரிவில் இருந்தவர், காட்டுப் பயிற்சி பெற்றவர். மதியம் எல்லாரும் படுத்திருந்தபோது வெளியே நடந்தார், சிகரெட்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பவில்லை.

போலீஸ், படைவீரர்கள், ஓராங் அஸ்லி வழிகாட்டிகள், ஊர்க்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் தேடினார்கள். போமோ எனப்படும் மலாய் மாந்திரீகர்கள் வந்து சடங்கு செய்தார்கள். ஞானதிருஷ்டிக்காரர் என்று பெயரெடுத்த பீட்டர் ஹர்கோஸ் நெதர்லாந்தில் பிறந்தவர். அவரும் வந்து, தாம்சனைக் கம்போடியாவுக்குக் கடத்திவிட்டார்கள் என்று அறிவித்தார். தேட வந்த இன்னொருவர் ரிச்சர்ட் நூன், காணாமல் போன பாட் நூனின் தம்பி. ஓராங் அஸ்லி துறைக்குத் தலைமை வகித்து இந்தக் காட்டை நன்கறிந்த அவர் சொன்ன முடிவு சுருக்கமானது: தாம்சன் இந்தக் காட்டில் இல்லை. 1974இல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள் என்று 2017இல் ஓர் ஆவணப்படம் வாதிட்டது. புலி, விலங்குப் பொறி, லாரி விபத்து என்று வேறு ஊகங்களும் உண்டு. மலாய் நம்பிக்கையில் இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே ஓரிடம் இருந்தது: கண்ணுக்குத் தெரியாத புனியான் மக்கள் காட்டில் வழி தவறியவரைத் தம்மிடம் வைத்துக்கொள்வார்கள். உடல் கிடைக்காத எந்தச் சாவுக்கும் பொருந்தும் விளக்கம். இம்மலையின் பேய்க்கதைகளில் மிகப் பிரபலமானது இதுவே, கதையில் பேய் எதுவும் இல்லாவிட்டாலும்.

மூடுபனியும் மற்றவையும்

பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து கொழுந்துக்குப் போகிற நேரம். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன், எதிரே பள்ளத்தை நிறைத்த மூடுபனி. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பனியின் மேல் ஒரு பேருருவம் நிற்கும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம். கை அசைத்தால் அதுவும் அசைக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினால் அவர் தன் தலைக்குத்தான் வளையம் என்பார். ஏனென்றால் ஒளி நீர்த்துளிகளில் பட்டு வந்த திசையிலேயே திரும்புவதால், ஒவ்வொருவருக்கும் தன் நிழலின் தலையைச் சுற்றி மட்டுமே அது தெரியும். ஜெர்மனியின் புரோக்கன் மலையில் 1780இல் விவரிக்கப்பட்டதால் அந்த மலையின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். 1894இல் ஸ்காட்லாந்து மலையொன்றில் இதைக் கண்டு மயங்கிய சி. டி. ஆர். வில்சன், ஆய்வகத்தில் செயற்கை மேகம் உண்டாக்கப் போய், அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறையைக் கண்டுபிடித்து 1927இல் நோபல் பரிசு பெற்றார்.

இரவில் திடீரென்று பூவாசம் வந்தால் பொந்தியானாக் அருகில் இருக்கிறாள் என்பார்கள். குளிர்மலைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் புரூக்மான்சியா, எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பூ, பொழுது சாய்ந்த பிறகே மணம் விடும்; விட்டில்களை வரவழைக்க. ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. அதன் ஸ்கோபோலமின் உடலுக்குள் போனால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். முகர்ந்தால் அப்படி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

படுத்தவனின் நெஞ்சில் ஏறி அழுத்தும் அமுக்குவான் பேய், மலாயில் திண்டே, இரண்டும் தூக்க முடக்கமே. கனவு காணும் கட்டத்தில் தசைகளை மூளை செயலிழக்க வைக்கிறது. அந்தக் கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறக்கும், கை அசையாது. ஒழுங்கற்ற தூக்கமும் களைப்பும் இதைக் கூட்டும் என்பதால், விடியுமுன் எழுந்து நாள்முழுதும் சரிவில் நிற்பவர்களுக்கு இது பழக்கமாக இருந்திருக்கும்.

பேய் பிடித்தலுக்கு இப்படி நேரான விளக்கம் கிடையாது. ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூல், சிலாங்கூர்த் தொழிற்சாலைகளில் இளம்பெண்களைக் கூட்டமாக ஆவி பிடித்ததை, மேற்பார்வைக்கும் வேலை நெருக்கடிக்கும் எதிரான குரலாக வாசித்தது. மேற்பார்க்கும் தண்டலிடமும் கணக்கெழுதும் கிராணியிடமும் எதிர்த்துப் பேச முடியாத பெண், சாமி வந்தபோது மட்டும் யாரையும் அதட்டலாம் என்பது தோட்டத்திலும் எல்லாரும் அறிந்ததுதான்.

மெய்யாகவே நம்பக் கடினமானவை மேலே, பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் இருக்கின்றன. அங்கே முகிலே மழை. கிளையெல்லாம் பாசி போர்த்தி, தரை எது வேர் எது என்று தெரியாது. நெப்பெந்தஸ் குடுவைச் செடி ஊட்டமில்லாத மண்ணை ஈடுகட்டப் பூச்சியைப் பிடித்துச் செரிக்கிறது. ஆனால் அந்தச் செரிமான நீரிலேயே சில கொசுப் புழுக்கள் சௌகரியமாக வளர்கின்றன. சற்றுக் கீழே ரஃப்லேசியா. இலை இல்லை, தண்டு இல்லை. ஒரு காட்டுக்கொடிக்குள் இழையாக ஒளிந்திருந்து, மாதக்கணக்கில் மொட்டு வளர்த்து, அழுகிய இறைச்சி நாற்றத்தோடு மலர்ந்து ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். ஊர்க்கதைகளின் பேய் எதுவும் இவ்வளவு துணியவில்லை.

இன்றைய நிலை

கொழுந்து இப்போது பெரும்பாலும் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டப்படுகிறது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் வெட்டுகிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் பலர் தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டார்கள். பழைய பங்களாக்கள் விடுதிகளாகி, பேய் இருக்கிறது என்ற பேச்சு வியாபாரத்துக்கு உதவுகிறது. டான் துவான் எங் 2012இல் வெளியிட்ட ஆங்கில நாவல் இம்மலையின் போர்க்கால நினைவுகளை உலக வாசகரிடம் கொண்டுபோனது. அதில் ஆவிகள் இல்லை, மறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். மலேசியத் தோட்டக் கோயில்களின் ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் கீழே போனவர்கள் திரும்பி வருகிறார்கள். முனிக்குச் சுருட்டு மாறவில்லை. சாராயத்தின் இடத்தில் கின்னஸ் ஸ்டவுட் வந்திருக்கிறது. மூடியைத் திறந்து வைப்பது பூசாரியின் வேலை.