ஊரில் இருந்து சொந்தக்காரங்க வர்றாங்களா? செலவில்லாமல் சென்னையை சுற்றிக்காட்ட மாதவாரி தகவல்கள்

சென்னை,

"மெட்ராசை சுத்திக்காட்டு மாமா" என்று கேட்டுக்கொண்டே ஊரில் இருந்து அக்கா பிள்ளைகள் வந்து இறங்கும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு லீவு போட்டு, குடும்பத்தோடு எழும்பூர் மியூசியத்துக்கு போனால் கேட் பூட்டி இருக்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வார விடுமுறை! ஆட்டோ காசும் போச்சு, பிள்ளைகள் முகமும் வாடிப்போச்சு.

நாள் பார்க்காமல் கிளம்பியதுதான் இதற்கு காரணம். சென்னையின் பெரிய விழாக்கள் பலவும் தெருவில் நடப்பவை. அதற்கு டிக்கெட் கிடையாது. எந்த மாதம், எந்த இடம் என்று தெரிந்தால் பஸ் காசோடு பார்த்துவிட்டு வரலாம். அந்த விவரம் வருமாறு:-

பொங்கல் கொண்டாட்டம்

ஜனவரி மாதம் சென்னை களைகட்டும். 1977-ம் ஆண்டு முதல் நடந்து வரும் புத்தக கண்காட்சி, அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. பொங்கலையொட்டி பூங்காக்களிலும், மைதானங்களிலும் 'சென்னை சங்கமம்' நடைபெறும். பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் இலவசம். 2007-ல் தொடங்கி இடையில் நின்றுபோன இந்த விழா, 2023-ல் மீண்டும் உயிர் பெற்றது. தீவுத்திடல் பொருட்காட்சிக்கும் இதுதான் சீசன்.

காணும் பொங்கல் அன்று மெரினாவில் மனித தலைகளாகத்தான் தெரியும். கூட்டத்தில் குழந்தைகள் காணாமல் போவது வழக்கம். அதனால் செல்போன் எண் எழுதிய பட்டையை குழந்தைகள் கையில் போலீசார் கட்டி விடுகிறார்கள். மணலில் கால் வைக்கும் முன்பே அதை கேட்டு வாங்கி கட்டிக்கொள்ளுங்கள்.

கடலுக்கு போகும் ஆமை குஞ்சுகள்

ஜனவரி முதல் சென்னை கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடும். அந்த முட்டைகளை எடுத்து பெசன்ட்நகரில் உள்ள பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுவார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு, அலையை நோக்கி தத்தி தத்தி நடப்பதை பார்த்தால் பிள்ளைகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

மயிலாப்பூர் அறுபத்து மூவர்

மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும் பங்குனி பெருவிழா, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலின் பெரிய திருவிழா. 7-ம் நாள் தேரோட்டம். 8-ம் நாள் அறுபத்து மூவர் வீதி உலா. சாம்பலான பூம்பாவையை திருஞானசம்பந்தர் பதிகம் பாடி உயிர்ப்பித்ததாக சொல்லப்படுவதும் இந்த தலத்தில்தான்.

அன்று மாட வீதிகளில் மோர், பானகம், புளிசாதம் என்று வழி நெடுக கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்கூட பசியோடு திரும்ப மாட்டார். பறக்கும் ரெயிலில் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கினால் கோவிலுக்கு நடந்தே போய்விடலாம்.

வாலாஜா பள்ளிவாசல்

ரம்ஜான் மாதம் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னதாக வரும். திருவல்லிக்கேணியில் உள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-ல் கட்டப்பட்டது. இங்கு நோன்பு திறக்க வருபவர்களுக்கு மயிலாப்பூரில் இருந்து வரும் சிந்தி இந்துக்கள் உணவு பரிமாறுகிறார்கள். பல ஆண்டுகளாக சத்தமில்லாமல் நடக்கும் சேவை இது.

ஆகஸ்டு, செப்டம்பர்

1639-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி கிழக்கிந்திய கம்பெனிக்கு இங்கு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அதுவே சென்னையின் பிறந்தநாளாக 2004 முதல் கொண்டாடப்படுகிறது. பழைய கட்டிடங்களை சுற்றிக்காட்டும் நடைபயணங்கள் நடக்கும்.

ஆகஸ்டு 29-ல் பெசன்ட்நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ந்தேதி வரை காவி உடையில் பாதயாத்திரை வரும் பக்தர்கள் கூட்டம் அலைமோதும். இதில் எல்லா மதத்தவரும் உண்டு.

திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு முன்பு, பூக்கடை சென்னகேசவ பெருமாள் கோவிலில் இருந்து வெண்பட்டு திருக்குடைகள் ஊர்வலமாக புறப்படும். மாலையில் யானைக்கவுனியை தாண்டும்போது எழும் "கோவிந்தா" கோஷம் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும்.

கொலு பொம்மை, மழை

நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை கடைகள் வரிசை கட்டும். வாங்காவிட்டாலும் வேடிக்கை பார்க்கலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை காலம். 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிச்சாங் புயலையும் யாரும் மறக்கவில்லை. வானிலை எச்சரிக்கையை பார்த்துவிட்டு ஊரில் இருந்து கிளம்ப சொல்லுங்கள்.

மார்கழி கச்சேரி

கச்சேரி என்றால் பெரிய இடத்து சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். டிசம்பரில் பல சபாக்களில் காலை, மதிய நேர கச்சேரிகளுக்கு கட்டணம் கிடையாது. இளம் கலைஞர்கள் பாடுவார்கள். டிக்கெட் இல்லாதவர்களும் சபா கேண்டீனில் சாப்பிடலாம். விலையை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே, என்றைக்கு லீவு?

* எழும்பூர் மியூசியம்: வெள்ளிக்கிழமை (1851-ல் தொடங்கியது. சோழர் கால செப்பு சிலைகளை தவறவிடாதீர்கள்)
* கோட்டை அருங்காட்சியகம்: வெள்ளிக்கிழமை
* மெரினா கலங்கரை விளக்கம்: திங்கட்கிழமை
* வண்டலூர் உயிரியல் பூங்கா: செவ்வாய்க்கிழமை

பண்டிகை நாட்களில் இது மாறலாம். அறிவிப்பை பார்த்துவிட்டு போவது நல்லது.

வரும் வழி

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்ட பஸ்கள் அங்குதான் வந்து நிற்கும். கோயம்பேட்டில் போய் காத்திருக்காதீர்கள். அங்கிருந்து வண்டலூர் பூங்கா பக்கம்தான். காலையில் வந்து இறங்குபவர்களை நேராக அங்கேயே அழைத்துப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

கடலில் இறங்காதீங்க

கடைசியாக ஒன்று. மெரினாவில் அலையின் இழுப்பு பயங்கரமானது. நீச்சல் தெரிந்தவர்களையும் உள்ளே இழுத்துவிடும். கடலை பார்க்காத ஊரில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. கூட்டி வந்தவர்தான் சொல்ல வேண்டும். கரையில் நின்று சுண்டல் சாப்பிடுங்க, பட்டம் விடுங்க, குதிரை சவாரி போங்க. வந்த பிள்ளைகளை வந்தபடியே ஊருக்கு ரெயில் ஏற்றி அனுப்பினால்தான், சுற்றிக்காட்டியதற்கு மாமா பெயர் நிலைக்கும்.