ஒகிமாச்சி: கூப்பிய கைகளின் கிராமம்

யப்பான் தேசத்தின் நடுப்பாகத்திலே, கிபு மாகாணத்து மலைகளுக்கிடையே சோ என்னும் நதி ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள ஒகிமாச்சி, சிரகவா-கோ என்ற மலைப்பிரதேசத்தின் பெரிய கிராமமாகும். படத்திலே பார்ப்பவர் முதலிற் காண்பது கூரைகளையே. ஏறக்குறைய 60 பாகைச் சரிவில் இருபுறமும் எழுந்து முகட்டிற் கூடும் இவ்வமைப்பைக் 'கஷ்ஷோ' என்பர். கும்பிடக் கூப்பிய கைகள் என்பது பொருள். நமக்கு விளக்கம் வேண்டாத பெயர்!

சரிவுக்குக் காரணம் பனி. ஆளுயரத்துக்கு மேலாகக் குவியும் பனியின் பாரத்தைத் தாழ்ந்த கூரை தாங்கமாட்டாது. வீட்டின் கீழ்ப்பாகத்தைத் தச்சர் அமைத்தனர். கூரைச் சட்டத்தையோ ஊராரே கட்டினர். அதில் ஆணி கிடையாது. வைக்கோற் கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் பிணைத்தமையால், காற்றடிக்கும்போது அது முறியாமற் சற்றே இசைந்து கொடுக்கும். கூரைக்குள் அடுக்கடுக்கான தட்டுகளிற் பட்டுப்புழு வளர்த்தனர். தரையின் கீழே மண்ணுடன் புழுவெச்சத்தையும் செடிகளையும் மக்கவைத்து வெடியுப்பு எடுத்தனர். வயல் குறைந்த மலையூருக்கு இவையே வருவாய். நடுவீட்டு அடுப்பின் புகை மேலேறி, புல்லையும் கயிற்றையும் பூச்சி அரியாமற் காத்தது. அடுக்களைக் கரியைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம்மவர் இதனைச் சற்றுக் கவனிப்பாராக.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கொருமுறை புல்லை மாற்றவேண்டும். ஒரு குடும்பத்தால் முடியாத வேலை அது. நூறு, இருநூறு பேர் திரண்டு ஒருபக்கக் கூரையை ஒரே நாளில் வேய்ந்துவிடுவர். இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்ற இம்முறைக்கு 'யூயி' என்று பெயர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டுத்தொழில் நலிந்தது. 1961இல் மிபோரோ அணை நிறைவுற்றபோது நதியின் மேற்புறத்துக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. பல வீடுகள் கைவிடப்பட்டன; சில விலைக்குப் போயின. மூழ்கவிருந்த யனோஹாரா குடும்பத்து வீட்டைப் பெயர்த்தெடுத்து யோக்கோஹாமாவிலுள்ள சங்கேயென் பூங்காவில் நிறுத்தினார்கள். இவற்றையெல்லாம் கண்ட ஒகிமாச்சி மக்கள் 1971இல் சங்கமொன்று அமைத்து, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை எனத் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். 1976இல் அரசாங்கம் கிராமத்தைப் பாதுகாப்புப் பிரதேசமாக்கியது. 1995இல் கொக்கயாமாவின் இரு கிராமங்களோடு யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாகப் பதிந்தது. உலகம் அறிந்தது 1995ஐ. எம் மதிப்பிற் பெரியது 1971.

இப்போது வேயும் வேலையிற் பெரும்பங்கு கூலித் தொழிலாளரிடமும், செலவிற் பெரும்பங்கு அரசாங்க மானியத்திடமும் சென்றுவிட்டன. ஆயினும் சில கூரைகளுக்கு யூயி இன்னுங் கூடுகிறது. ஆண்கள் கூரைமேல் வரிசையாக ஏறுவர். கீழே பெண்கள் அத்தனை பேருக்கும் சோறாக்குவர்.