மை லாயில் குறுக்கே இறங்கிய ஹெலிகாப்டர்

1968 மார்ச் 16. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் புகுந்த அமெரிக்கப் படையினர் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 504 பேர்.

மேலே பறந்துகொண்டிருந்த விமானி ஹியூ தாம்சனுக்கு வயது 24. பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்தினருக்கும் அவர்களை நெருங்கிய வீரர்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். அந்த வீரர்கள் கிராமத்தினரைச் சுட்டால் சொந்தப் படையையே திருப்பிச் சுடும்படி தன் குழுவினருக்கு உத்தரவிட்டார். பிறகு பிணங்கள் நிறைந்த வாய்க்காலுக்குள் இறங்கிய அவரது குழுவைச் சேர்ந்த கிளென் ஆண்ட்ரியோட்டா, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்.

தாம்சன் மேலதிகாரிகளிடம் ஆவேசமாகப் புகார் செய்தார். கொலைகள் நின்றன.

நாடு திரும்பியவருக்குக் கிடைத்தவை துரோகிப் பட்டமும் கொலைமிரட்டல்களும்தான். கெட்ட கனவுகள் பல ஆண்டுகள் அவரைத் துரத்தின. மனசாட்சிப்படி நடந்ததற்காக அவரை ராணுவம் பாராட்ட 30 ஆண்டுகள் ஆயின. 1998இல் அதற்காக அவருக்கும் குழுவினர் இருவருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. அமெரிக்க ராணுவக் கல்லூரிகளின் அறநெறிப் பாடத்தில் இன்று தாம்சன் குறுக்கே இறங்கிய அந்த முடிவு விவாதிக்கப்படுகிறது.