டயர் சொன்ன பொய்யும் நம்பின கம்ப்யூட்டரும்

போன மாசம் நண்பனோட கார்ல ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. மழை இல்ல, சேறு இல்ல, காஞ்ச ரோடு. சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் மாத்தணும்னு மெக்கானிக் குண்டைப் போட்டார். குனிஞ்சு பார்த்தா முன்னாடி 205/55 ஆர்16, பின்னாடி 205/60 ஆர்16!

இதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும் மக்களே. 1971-ல அமெரிக்காவின் ப்யூக் கம்பெனி 'மேக்ஸ்ட்ராக்'னு ஒண்ணு கொண்டு வந்தது. எஞ்சின் ஓட்டற பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட ரொம்ப வேகமா சுத்தினா, வழுக்குதுன்னு முடிவு கட்டி இக்னிஷனை விட்டு விட்டு வெட்டும். 1978-ல மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ்ல பாஷ் நிறுவனத்தோட ஏ.பி.எஸ். வந்தது. அதுக்காக சக்கரத்துல வெச்ச வேக சென்சார்களே பின்னாளில் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் கண்ணாச்சு.

ஆனா அடிப்படை அதேதான். கம்ப்யூட்டருக்கு ரோடு தெரியாது, சக்கரம் சுத்தற வேகம்தான் தெரியும். நண்பனோட முன் டயர் விட்டம் சுமார் 632 மி.மீ., பின் டயர் 652. சின்னது 3% அதிகமா சுத்தும். முன்சக்கரத்தை எஞ்சின் ஓட்டற கார்ல இது அச்சு அசலா வழுக்கல் மாதிரியே தெரியும். கம்ப்யூட்டர் பாவம், எஞ்சின் பவரைக் குறைக்கும், இல்லேன்னா குழம்பிப்போய் விளக்கைப் போட்டுடும்.

காத்து குறைஞ்ச டயரும் இப்படித்தான் ஒரு நூல் வேகமா சுத்தும். அதை வெச்சே, தனி சென்சார் இல்லாம, காத்து குறைவைக் கண்டுபிடிக்கிற கார்களும் வந்தாச்சு.

நண்பன் பின் டயர் ரெண்டை மாத்தினான், விளக்கு அணைஞ்சுது. நீங்களும் பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி டயர் ஓரத்துல இருக்கிற நம்பரைப் படிச்சிடுங்க. வர்ட்டா?