கொல்லத்தின் முதல் மேற்றிராணியார்

தாணா, நாலா சோப்பாரா என்னும் நிலையப் பெயர்களை அறியாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இராது. பயணச்சீட்டில் கண்டு பழகிய இவ்வூர்களைப் பற்றி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே லத்தீன் மொழியில் கடிதம் எழுதினார் ஒருவர். அவரே ஜோர்தான் கத்தலானி. பிரான்சின் தென்பகுதியிலுள்ள செவெராக்கில் பிறந்த தோமினிக் சபைத் துறவி.

1321-இல் அவரும் பிரான்சிஸ்கு சபையினர் நால்வரும் கொல்லம் நோக்கிக் கப்பலேறினர். தாணாவிலேயே இறங்க நேர்ந்தது. பாரசீகம் அறிந்த ஜோர்தான் பரூச் நகரை நோக்கிப் புறப்பட்டார். சோப்பாரா வரை சென்றவருக்கு, தோழர் நால்வரும் தாணாவில் கொலையுண்டனர் என்னும் செய்தி எட்டியது. திரும்பினார், ஜெனோவா இளைஞன் ஒருவன் துணைபுரிய, உடல்களை மீட்டுச் சோப்பாராவில் அடக்கம் செய்தார்.

அதன்பின் அவர் தனியர். தம் மொழி பேசுவோர் அருகில்லாத ஊரில் பசி, நோய், சிறை, அடி யாவும் பட்டதைக் கடிதத்தில் எழுதுகிறார். ஊர் விட்டு ஊர் வந்த நாம், சங்கமும் காலனியும் உடைய நாம், அதனைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறோம். ஆயினும் அவர் திரும்ப அழைக்குமாறு வேண்டினாரில்லை. சோப்பாரா, பரூச், கொல்லம் மூன்றிற்கும் இன்னும் துறவிகளை அனுப்புக என்றே கேட்டார்!

பின்னர் ஐரோப்பா சென்ற அவரை, 1329 ஆகஸ்டில் பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் கொல்லத்தின் மேற்றிராணியாராக நியமித்தார். இந்தியாவின் முதல் கத்தோலிக்க மேற்றிராசனம் அதுவே.

பதவியினும் அவர் எழுதிய நூலே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இந்திய அற்புதங்களை விவரிக்கும் அச்சிறு நூலை ஹென்றி யூல் 1863-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தென்னையும் கள்ளும் யானையும் அதில் இடம்பெறுகின்றன. பலாவைச் 'சக்கை' என்னும் மலையாளப் பெயராலேயே குறித்து, ஒரு பழம் ஐவருக்குப் போதும் என்கிறார். மாம்பழத்தின் இனிமையைச் சொல்லச் சொற்களில்லை என்று கைவிட்டு விடுகிறார். அவரைக் குறை கூற யாரால் இயலும்? இந்நாட்டார் உணவில் தூய்மையும் பேச்சில் வாய்மையும் உடையோர் என்றும் எழுதியுள்ளார். தோழரைப் பறிகொடுத்த நாட்டைப் பற்றி அவ்வாறு எழுதிய மனத்தை நாம் வியக்கிறோம்.

ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துக் கொல்லம் வந்த மரிஞ்ஞோலி என்னும் துறவி, அங்கே லத்தீன் முறையினரின் புனித ஜார்ஜ் ஆலயத்தைக் கண்டு அதனை ஓவியங்களால் அணி செய்தார். அதன்பின் கொல்லம் மேற்றிராசனம் நெடுங்காலம் ஆயரின்றி மறைந்து, 1886-இல் மீண்டும் நிறுவப்பட்டது.