தேயிலைத் தோட்டமும் ஆங்கிலத் தொடரும்: கேமரன் மலை தரும் பாடம்

பிறமொழியொன்றைக் கற்பவர் தனிச்சொற்களுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. அறிந்த சொற்களே கூடி அறியாப் பொருள் தரும் தொடர்களுக்கே அஞ்சுகின்றனர். அகராதி அருகிலிருந்தும் அத்தொடர்கள் விளங்காமைக்குக் காரணம் யாது? எத்தகைய நூல் அவற்றை விளக்கும்? இவ்விரு வினாக்களுக்கும் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு விடை கூறுகிறது.

1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைப் பயணத்தின்போது குறித்த இம்மலைப்பகுதியில், 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குக் கொழுந்து பறிக்கும் பணியில் தமிழர் பெருமளவில் ஈடுபட்டனர். நிருவாகத்தின் எழுத்துமொழியோ ஆங்கிலம். மலாயாத் தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஆங்கிலம் பயின்ற கிராணி இருந்தார். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் அப்பணியில் மிகுந்திருந்தனர்.

தொழிலாளர் ஆங்கிலச் சொற்களை ஏட்டின்வழி அறியவில்லை, செவிவழி அறிந்தனர். ‘லைன்’ என்பதற்கு அகராதி கோடு, வரிசை என்று பொருள் கூறும். தோட்டத் தமிழில் அது ‘லயம்’ ஆகி, வரிசையாகக் கட்டிய குடியிருப்பைக் குறித்தது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம் ‘பெரட்டு’. அது ‘பரேட்’ என்னும் சொல்லின் திரிபு என்பர். வருகைப் பதிவேடு ‘செக்ரோல்’. இவற்றால் எவரும் குழம்பவில்லை. சொல்லைக் கேட்ட இடத்திலேயே பொருளும் கண்முன் நின்றது.

பொருள் கண்முன் இல்லாதபோதுதான் குழப்பம் தோன்றியது. தேயிலை ஆலையில் இலையை ‘ஃபயர்’ செய்தல் என்பது வெப்பக் காற்றில் உலர்த்துதல். அலுவலகத்தில் ஆளை ‘ஃபயர்’ செய்தல் வேலைநீக்கம். நெருப்பு என்னும் அகராதிப் பொருள் மட்டும் இவ்விரண்டையும் விளக்காது. ‘ஆரஞ்சு பெக்கோ’ என்னும் தரப்பெயருக்கும் ஆரஞ்சுப் பழச் சுவைக்கும் தொடர்பில்லை. பெக்கோ என்பது இளந்தளிரின் வெண்ணிறத் துய்யைக் குறித்த சீனச் சொல்லின் வழிவந்தது.

இவை கேட்டுத் தெளியத்தக்கவை. ‘நோட்டீஸ்’ என்னும் சொல்லோ அத்துணை எளிதன்று. அதன் பொதுப்பொருள் அறிவிப்பு. ஒருவருக்கு ‘நோட்டீஸ் கொடுத்தல்’ என்பதோ, குறித்த நாளோடு அவருடைய வேலை முடியும் எனத் தெரிவித்தல். தோட்டத்தில் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. ஆதலின் அத்தொடரை விளங்கிக்கொள்வதில் ஒரு குடும்பத்தின் கூரையே அடங்கியிருந்தது. ஆங்கிலம் அறியாதவர் அத்தாளின் பொருளறியப் பிறர் வாயையே நோக்கி நிற்க வேண்டியிருந்தது.

துரைமார் தமிழ் கற்பதற்கோ நூல்கள் எழுதப்பெற்றன. சின்னத்துரைமாருக்கென ‘இங்கே வா’ என்னும் தலைப்பில் கையடக்க வழிகாட்டியொன்று கொழும்பில் வெளிவந்தது. 1915-இல் டபிள்யூ. ஜி. பி. வெல்சின் ‘கூலித் தமிழ்’ அங்கேயே அச்சாயிற்று. கற்பவர் எங்கு நின்று யாரோடு பேசுவார் என்பதை அறிந்து எழுதியமை இந்நூல்களின் வலிமை. ஆனால் ஒன்றன் தலைப்பே ஏவலாக இருந்தது. மற்றொன்றின் தலைப்பு ஒரு மக்களின் மொழியைக் கூலியளவில் குறுக்கியது. நூலின் நோக்கம் எதுவோ, கற்பவர் பெறும் மொழியும் அதுவே.

தொழிலாளர் பிள்ளைகளின் நிலை வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராயினர். தமிழெழுத்தும் கணக்கும் கிடைத்தன. ஆலோலைகளின் ஆங்கிலம் எட்டாமலே நின்றது. பின்னாளில் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் பாடமாயிற்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின; 2012 முதல் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பயிற்றுமொழி மாறிய ஒவ்வொரு முறையும் நூல்கள் மாறின. தொடர்க்குழப்பம் மட்டும் தொடர்ந்தது.

இங்கு மற்றொரு வரலாறும் கருதத்தக்கது. சப்பானிய மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, பிறமொழியாளர் இடர்ப்படுவது மரபுத்தொடரிலும் வாக்கிய அமைப்பிலுமே என உணர்ந்தார். அவர் தலைமையில் உருவான அகராதி 1942-இல் தோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்சுபோர்டு வெளியீடாகியது. கற்பவரின் தடுமாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு நூல் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

எனவே ஆசிரியர் ஒரு நூலைத் தெரிவதற்கு முன் மூன்றினை ஆராய்தல் வேண்டும். அது யாருக்காக எழுதப்பட்டது? தொடரைப் பயன்படும் சூழலோடு தருகிறதா? ஐயம் எழும்போது கேட்கவும் மறுக்கவும் வேண்டிய வாக்கியங்களைக் கற்பிக்கிறதா? இம்மூன்றிலும் தேறாத நூல், தாள் பளபளப்பாயினும் நம் மாணவர்க்கு உரியதன்று. சம்பளச் சீட்டு, மருந்துப் புட்டியின் குறிப்பு, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றையும் வகுப்பறைக்குக் கொணர்க. அவற்றின் பொருளைத் தமிழில் விளக்குதல் இழுக்கன்று. தெளிவுக்கு அதுவே குறுகிய வழி.

துரையின் நூல் ‘இங்கே வா’ என்று அழைத்தது. நம் மாணவரின் ஆங்கிலம் ‘இதன் பொருள் என்ன?’ என்னும் வினாவில் தொடங்கட்டும்.