வால்வு கம்ப்ரெஸர்

ஒலியின் உரத்த பகுதிகளை வால்வின் (வெற்றிடக் குழாயின்) துணையால் தானாகவே தணிக்கும் கருவி. வானொலிக்காகப் பிறந்து, இசைத்தட்டு வெட்டும் கூடங்களில் வளர்ந்தது.

சாதாரண வால்வில் கிரிட் கம்பி சீரான இடைவெளியில் சுற்றப்பட்டிருக்கும். கிரிட்டின் எதிர் மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மின்னோட்டம் சட்டென்று நின்றுவிடும். 1930இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பாலன்டைனும் எச். ஏ. ஸ்னோவும் 'வேரியபிள் மியூ' வால்வை விவரித்தனர். கிரிட்டின் இடைவெளியைச் சீரற்றதாக்கினால் பெருக்கம் படிப்படியாகக் குறையும். ரேடியோப் பெட்டியில் பக்கத்து நிலையமும் தூரத்து நிலையமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்க இது உதவியது. ஒலிபரப்பியில் ஒலி அளவு மீறாமல் காக்க, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1937இல் 110ஏ என்ற கருவியை வெளியிட்டது.

இத்துறையின் சிகரம் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 660, 670 ஆகிய கருவிகளே. வடிவமைத்தவர் எஸ்தோனியாவில் பிறந்த ரெய்ன் நார்மா. கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்கு மிக்ஸர் செய்து கொடுத்தவர். 670இல் 20 வால்வுகள். எடை கிட்டத்தட்ட 30 கிலோ. வெளிவரும் ஒலியைக் கருவியே அளந்து, எதிர் மின்னழுத்தமாக்கி, 6386 என்ற வகை வால்வுகளின் கிரிட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒலி உயர்ந்தால் கிரிட்டின் எதிர் மின்னழுத்தம் கூடும், பெருக்கம் தணியும்.

வால்வின் 'இதமான' ஒலியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் நார்மாவின் மேதைமை நேரத்தைக் கையாண்டதில் இருக்கிறது. ஒலி எகிறியதும், கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைத் தாங்கும் கப்பாசிட்டர் ஒரு விநாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குள் நிரம்ப வேண்டும். அதற்கென்றே கட்டுப்பாட்டுப் பகுதியில் தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபையரை வைத்தார். ஒலி தணிந்த பின் பிடியை விடுவிக்கும் நேரமோ 0.3 விநாடி முதல் 25 விநாடி வரை. ஆறு நிலை கொண்ட ஒரே சுவிட்ச். அதன் கடைசி நிலையில், தனித்து வரும் உச்சத்தைக் கருவி உடனே விட்டுவிடும். தொடர்ந்து உரத்து வரும் இசையை மெதுவாகவே விடும். கட்டுப்பாட்டு மின்னழுத்தம் ஒலியோடு கலந்து 'டப்'பென்று கேட்காதிருக்க, வால்வுகள் புஷ்-புல் முறையில் இணை சேர்க்கப்பட்டன. இணை பொருந்தாவிட்டால் அந்த 'டப்' ஓசை திரும்பிவிடும்.

670இன் வேலை ஸ்டீரியோ இசைத்தட்டு வெட்டுவது. தட்டில் ஊசியின் பக்கவாட்டு அசைவையும் மேல்கீழ் அசைவையும் அது தனித்தனியே கட்டுப்படுத்தியது. லண்டன் அபே ரோடு கூடமோ 660ஐப் பதிவுக்கே பயன்படுத்தியது. பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' (1966) தொகுப்பில் டிரம்ஸ் மூச்சு வாங்குவதுபோல் ஒலிப்பதற்கு இக்கருவி ஒரு முக்கியக் காரணம்.

ஜிம் லாரன்ஸின் எல்ஏ-2ஏ கம்ப்ரெஸர் வேறு வழியில் சென்றது. ஒளிரும் தகடும் ஒளியுணரியும் ஒலியைத் தணித்தன. வால்வுகள் பெருக்க மட்டுமே. 1967இல் டிரான்சிஸ்டர் கொண்ட 1176 கம்ப்ரெஸர் வந்தது.

அசல் 6386 உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது; ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனம் மாற்று வால்வு செய்தது. இக்கருவியைத் தாமே கட்ட முனைவோர் ஒன்றை மறக்கக் கூடாது: உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். அதை வடித்த பிறகே கை வைக்க வேண்டும்.